பனியாறு கடலில் முடியும் இடம்

(அறிவியல் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பைச் சொன்னதும் நண்பர் ஒருவர், "சித்திரை வெயிலில் பனியைப் பற்றிப் பேசினால் யாரய்யா வருவார்கள்?" என்று கேட்டார். வெயில் என்பதற்காகவே வருவார்கள் என்றேன். நாற்காலி போதாமல் பின்னால் நிற்கிறவர்களைப் பார்த்தால் என் கணக்கு தப்பவில்லை.

உங்களில் பாதிப் பேராவது கைப்பேசியில் பனியாறு ஒன்று உடையும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், இலுலிசாட் என்ற ஊருக்குக் கிழக்கே, 2008 மே 28 அன்று எடுத்தது. ஜேம்ஸ் பேலாக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பனியாறுகளைத் தொடர்ந்து படமெடுக்கும் திட்டமொன்றை நடத்திவந்தார். அவர் குழுவைச் சேர்ந்த இரண்டு பேர் மலைச்சரிவில் தங்கி, கேமராக்களைப் பனியாற்றின் முகத்துக்கு நேரே திருப்பிவைத்துக் காத்திருந்தார்கள். அன்று அந்த முகம் உடையத் தொடங்கி 75 நிமிடம் ஓயவில்லை. கழன்றுபோன பனி 7.4 கன கிலோமீட்டர். நமக்குப் பழகிய டி.எம்.சி. கணக்கில் 260-க்கு மேல். 2012-இல் வந்த 'சேஸிங் ஐஸ்' ஆவணப்படத்தின் உச்சக்கட்டம் அதுதான்.

பார்த்தவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒரே வாக்கியம்: "உலகம் சூடாகுது, பனி உருகுது." அந்த 75 நிமிடத்தில் உருகியது என்று சொல்ல அநேகமாக எதுவும் இல்லை. உடைந்தது, புரண்டது, மிதந்து போனது. புவி சூடாவதை மறுப்பதற்காக நான் இங்கே வரவில்லை. அது நடக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் கடலில் முடியும் ஒரு பனியாறு எப்போது, எவ்வளவு உடையும் என்பதை மேலே அடிக்கும் வெயிலை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அதன் விதி பெரும்பாலும் நீர்மட்டத்துக்குக் கீழே, கேமரா எட்டாத இடத்தில் தீர்மானமாகிறது. இன்று மாலை நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனிச் சொல்வதெல்லாம் அதற்குச் சாட்சிகள்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கணக்கில் பெய்த பனி, மேலே மேலே சேர்ந்து, தன் பாரத்தாலேயே இறுகிக் கெட்டியாகிறது. கெட்டியான பனி, தன் எடை தாங்காமல் மெல்ல வழிந்து ஓடத் தொடங்குகிறது. அதுதான் பனியாறு. நம் இமயமலைப் பனியாறுகள் நிலத்திலேயே முடிந்துவிடுகின்றன. நுனியில் உருகி ஓடையாகின்றன. கிரீன்லாந்து, அலாஸ்கா, ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்டு தீவுகள், அண்டார்டிகா போன்ற இடங்களில் பல பனியாறுகள் உருகி முடிவதற்குள் கடலை எட்டிவிடுகின்றன. எட்டிய பிறகு அவை உடைந்தே ஆக வேண்டும். உடையாத ஆண்டு என்று ஒன்று கிடையாது. தொழிற்சாலை என்பதே உலகில் இல்லாத காலத்திலும் அவை உடைந்துகொண்டுதான் இருந்தன. பின்னாலிருந்து வரும் பனியும் முன்னால் உடைந்து போகும் பனியும் சமமாக இருந்தால் முகம் நின்ற இடத்தில் நிற்கும். வரவு குறைந்தாலோ செலவு கூடினாலோ முகம் பின்வாங்கும்.

சரி, எப்படி உடைகிறது?

பனியாறு கடலை நெருங்கும்போது வேகம் கூடுகிறது. முன்பகுதி பின்பகுதியைவிட விரைவாகப் போவதால் இடையில் பனி இழுபட்டு மேற்பரப்பில் குறுக்கே வெடிப்புகள் விழுகின்றன. வறண்ட வெடிப்பு சில பத்து மீட்டர் ஆழத்தோடு நின்றுவிடும்; அதற்குக் கீழே பனியின் பாரமே பிளவை அமுக்கி மூடிவிடுகிறது. அந்த வெடிப்புக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டால் கதை வேறு. ஒரு கன மீட்டர் பனி சுமார் 917 கிலோ, அதே அளவு தண்ணீர் 1,000 கிலோ. பனியின் பாரம் பிளவை மூடப் பார்க்கும், தண்ணீரின் பாரம் அதைத் திறக்கப் பார்க்கும். ஆழம் கூடக் கூடத் தண்ணீரே ஜெயிக்கிறது. நீர் தொடர்ந்து கிடைத்தால் பிளவு நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கி அடிப்பாறை வரைக்கும் போய்விடும்.

இது மேலிருந்து வரும் தாக்குதல். அடியிலிருந்து வருவது இதைவிடப் பொல்லாதது.

கோடையில் பனியாற்றின் மேலே உருகும் நீர், துளைகள் வழியாக அடித்தரைக்கு இறங்கி, அங்கே சுரங்கம்போல் வழி அறுத்துக்கொண்டு, கடலுக்குள் பல நூறு மீட்டர் ஆழத்தில் வெளியே வருகிறது. நன்னீர் லேசானது, கடல்நீர் கனமானது. ஆகவே வெளியே வந்த நன்னீர், பனிச்சுவரை ஒட்டியபடியே செங்குத்தாக மேலே எழுகிறது. எழும்போது சுற்றியுள்ள உப்புநீரையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. அந்த ஆழத்து உப்புநீர், நம் கைக்குச் சில்லென்று இருந்தாலும், பனிக்குச் சூடுதான். சுவரின் அடிப்பகுதி அரிபட்டுக் குடைவாகிறது. ஆற்றில் வெள்ளம் வந்து கரையின் அடிமண்ணை அரித்துவிட்டுப் போனால், இரண்டு நாள் கழித்துத் தென்னை மரத்தோடு கரை சரிந்து விழுமே, அதே கதைதான். மேலே நிற்கும் பனிக்குப் பிடிமானம் போய்விடுகிறது.

இந்த நீர் எழும் இடத்தை ஸ்வால்பார்டில் கரையிலிருந்தே அடையாளம் காணலாம். காங்ஸ்ஃபியோர்டு என்ற ஒடுங்கிய கடற்கழியில் குரோனபிரீன் என்ற பனியாறு முடிகிறது. அதன் முகத்தடியில் கடல் ஓரிடத்தில் மட்டும் செம்பழுப்பாகக் கலங்கியிருக்கும். அடித்தரையின் வண்டலை நன்னீர் அள்ளிக்கொண்டு வருவதால் வந்த நிறம். அந்தப் பழுப்பு வட்டத்தின் மேல் கிட்டிவேக் என்ற கடற்பறவைகள் நூற்றுக்கணக்கில் வட்டமிட்டுக் கூச்சல் போடும். ஆழத்தில் வாழும் சின்னஞ்சிறு மிதவை உயிர்கள் நன்னீரோடு மேலே வந்து, உப்புக் குறைந்ததால் மயங்கிக் கிடக்கின்றன. பறவைக்கு அது பந்தி. தலைக்கு மேலே எந்நேரமும் சரியக்கூடிய பனிச்சுவர் நிற்பதைப் பற்றி அவற்றுக்குக் கவலை இருப்பதாகத் தெரியவில்லை.

நீருக்கடியில் பனி எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதை நெடுங்காலம் கணக்குப் போட்டுத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பனிச்சுவரின் அருகே படகோட்டுவது உயிரோடு விளையாடுவது. அலாஸ்காவின் லெகான்ட் பனியாற்றில் ஓர் ஆய்வுக்குழு துணிந்து சோனார் கருவியோடு போய், நீருக்கடியில் சுவரின் வடிவத்தைத் திரும்பத் திரும்ப அளந்தது. முடிவு 2019-இல் வெளியானது. சில இடங்களில் கரையும் வேகம், கோட்பாடு சொன்னதைவிட நூறு மடங்கு வரை கூடுதல். நூறு சதவீதம் இல்லை, நூறு மடங்கு. ஏட்டுக் கணக்கை மட்டும் நம்பக் கூடாது என்று நம் ஆசிரியர்கள் சொல்வார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்னொரு விதமும் உண்டு, பேலாக் குழு படமெடுத்தது அந்த வகைதான். இலுலிசாட் அருகிலுள்ள பனியாற்றுக்கு உள்ளூர்ப் பெயர் செர்மெக் குயாலெக். டேனிஷ்காரர்கள் யாகப்ஸ்ஹாவ்ன் என்பார்கள். அதன் முகத்தில் பனியின் கனம் ஒரு கிலோமீட்டரை நெருங்கும். நீருக்கு மேல் தெரிவது சுமார் 100 மீட்டர்; மிச்சம் உள்ளே. அதற்கு மேல் உயரமாக நிற்கும் சுவரைக் காண்பது அரிது. பனியின் வலு தாங்காது. அவ்வளவு கனமான பனி சற்று மெலிந்தாலும் நுனி மிதக்கப் பார்க்கிறது. பின்பகுதி தரையைப் பிடித்திருக்க, நுனியைத் தண்ணீர் மேலே நெம்ப, அடிப்பக்கத்தில் பிளவு திறந்து மேல்நோக்கி ஏறுகிறது. முழுக் கனத்துக்கும் ஒரு துண்டு கழன்றுவிடுகிறது. உயரம் 900 மீட்டர், அகலம் அதில் பாதிகூட இல்லை. அப்படிப்பட்ட துண்டு நிமிர்ந்து நிற்குமா? தலை பின்னே பனியாற்றின் பக்கம் சாய, அடி முன்னே கடல்பக்கம் மேலே வர, மொத்தமாகப் புரள்கிறது. கரும்பச்சையும் நீலமுமாகத் தண்ணீரை வழியவிட்டபடி எழும் அந்த அடிப்பாகத்தைத்தான் படத்தில் பார்த்துவிட்டு வாய் பிளக்கிறோம்.

இந்தப் புரளல் உலகம் முழுக்கப் பதிவாகிறது என்பது தெரியவந்த விதம் சுவையானது. 2003-இல் யோரான் எக்ஸ்ட்ரோம், மெரெடித் நெட்டில்ஸ், ஜெஃப்ரி ஏபர்ஸ் ஆகியோர் பழைய நிலநடுக்கப் பதிவுகளைப் புதிய முறையில் அலசியபோது, எந்தப் பட்டியலிலும் இல்லாத, 5 அளவை ஒட்டிய நடுக்கங்கள் அகப்பட்டன. வழக்கமான நிலநடுக்கம் படபடவென்று அதிரும். இவை ஒரு நிமிடம்போல நீளும் சோம்பேறி அலைகள். அதனால்தான் கண்காணிப்பு நிலையங்களின் வலையில் சிக்காமல் நழுவியிருக்கின்றன. பெரும்பாலானவை கிரீன்லாந்தின் பனியாறுகளை ஒட்டியே வந்தன. பனியாறு திடீரென்று முன்னே வழுக்குகிறது போலும் என்று முதலில் எண்ணினார்கள். பிறகு துப்பு துலங்கியது: புரளும் துண்டு பனியாற்றைப் பின்னோக்கி உதைக்கிறது. கிழக்கு கிரீன்லாந்தின் ஹெல்ஹைம் பனியாற்றின் மேல் ஜி.பி.எஸ். கருவிகளைப் பதித்து, டாவி மரே தலைமையிலான குழு 2015-இல் அதை உறுதிசெய்தது. உதைபட்ட சில நிமிடங்களுக்குப் பனியாற்றின் முன்பகுதி பின்னோக்கி நகர்ந்திருக்கிறது. நாள்தோறும் பல மீட்டர் முன்னேறுகிற ஒரு பனி மலை, சில நிமிடம் ரிவர்ஸ் எடுக்கிறது!

இனி அலாஸ்காவுக்குப் போவோம். என் வாதத்துக்கு மிக வலுவான சாட்சி அங்கேதான் இருக்கிறது.

பிரின்ஸ் வில்லியம் சவுண்டு என்ற கடற்பகுதியில் கொலம்பியா பனியாறு முடிகிறது. 1794-இல் கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் குழு அந்தக் கரையை வரைந்தபோது அதன் முகம் எங்கே இருந்ததோ, 1970-களிலும் ஏறக்குறைய அங்கேயே இருந்தது. அது நின்ற இடம், தானே தள்ளிக்கொண்டு வந்து குவித்த கல்லும் மண்ணுமான நீரடி மேடு. மேட்டின் மேல் ஆழம் குறைவு. ஆழம் குறைந்த இடத்தில் பனியாறு அதிகம் உடையாது. அலாஸ்காவின் பத்துப் பன்னிரண்டு பனியாறுகளை அளந்து, நீர் ஆழமாக ஆக உடையும் வேகமும் அதே விகிதத்தில் கூடுகிறது என்று 1982-இல் காட்டினார்கள். கொலம்பியாவின் முகத்துக்குப் பின்னாலோ பனிக்கு அடியில் தரை பல நூறு மீட்டர் பள்ளம். மேட்டைவிட்டுக் கால் நழுவினால் ஆழத்தில் போய் நிற்கும். ஆழத்தில் நின்றால் இன்னும் வேகமாக உடையும். உடைந்தால் இன்னும் பின்னே, இன்னும் ஆழத்துக்குப் போகும்.

இதை முன்கூட்டியே சொன்னவர்கள் மார்க் மையரும் ஆஸ்டின் போஸ்டும். போஸ்ட் ஆண்டுதோறும் சிறு விமானத்தில் பறந்து பனியாறுகளைப் படமெடுத்து எடுத்தே அவற்றின் குணத்தைக் கற்றவர். 1977-இல் அருகிலுள்ள வால்டெஸ் துறைமுகத்தில் அலாஸ்கா எண்ணெய் கப்பலேறத் தொடங்கியதும் அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறைக்கு ஒரு கவலை: கொலம்பியா உடையத் தொடங்கினால் பனித்துண்டுகள் கப்பல் வழிக்கு வந்துவிடுமே! 1980-இல் மையர், போஸ்ட் குழுவின் அறிக்கை வந்தது; பனியாறு சீக்கிரமே வேகமாகப் பின்வாங்கும் என்றது. சொன்னபடியே நடந்தது. அப்போது தொடங்கி இன்றுவரை 20 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது.

அந்த அறிக்கையின் கவலையும் பலித்தது. 1989 மார்ச் 24 நள்ளிரவுக்குச் சற்றுப் பின், எக்ஸான் வால்டெஸ் கப்பல், கொலம்பியாவிலிருந்து மிதந்துவந்த பனித்துண்டுகளைத் தவிர்ப்பதற்காகக் கப்பல் வழியைவிட்டு விலகி, பிளை ரீஃப் பாறையில் தரை தட்டியது. சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. விபத்துக்குப் பொறுப்பு மாலுமிகள் மேலும் நிறுவனத்தின் மேலும் கடலோரக் காவல்படை மேலும் பங்கிடப்பட்டது, அது நியாயமும்கூட. பனி வரும் என்று எழுத்தில் எச்சரிக்கை இருந்தும் இப்படி நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

அதே அலாஸ்காவில், அதே தட்பவெப்ப மாற்றத்துக்கு நடுவே, ஹப்பர்டு என்ற பனியாறு நூறாண்டுக்கும் மேலாக முன்னேறி வந்திருக்கிறது. 1986-இலும் 2002-இலும் அது முன்னே வந்து ரஸல் ஃபியோர்டின் வாயையே அடைத்துவிட்டது, கடற்கழி ஏரியானது. அதற்கு மலைமேல் பெரும் பனிச் சேமிப்பு இருக்கிறது, முகத்துக்கு முன்னால் மேடும் இருக்கிறது. "பாருங்கள், பனியாறு வளர்கிறது, புவி சூடாகவில்லை" என்று இதைக் காட்டி வாதிடுகிறவர்கள் உண்டு. ஒற்றைக் காட்சியைப் பார்த்து "உருகுது" என்று முடிவுகட்டுகிறவர்களும் செய்வது அதே தவறுதான். தனியொரு பனியாற்றின் போக்கை அதன் அடித்தரை மேடுபள்ளத்தையும், அதைத் தொடும் கடல்நீரையும் பார்க்காமல் சொல்லக் கூடாது.

மறுபடி கிரீன்லாந்து. செர்மெக் குயாலெக்கின் முன்னால் சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்கு மிதக்கும் பனி நாக்கு ஒன்று இருந்தது. 1998 முதல் 2003 வரைக்குள் அது சிதைந்து போனது. அதற்கு முன் ஆண்டுக்கு 6, 7 கிலோமீட்டர் ஓடிய பனியாறு இரு மடங்கு வேகமெடுத்தது. 2012 கோடையில் நாளொன்றுக்கு 46 மீட்டர். காரணத்துக்கான தடயம் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. அங்கே இறால் வளத்தைக் கணக்கெடுக்க ஆண்டுதோறும் இழுவலை போடும் ஆய்வுக் கப்பல்கள், வலையோடு சேர்த்து வெப்பநிலையையும் குறித்துவந்தன. அந்தக் குறிப்புகளைப் புரட்டியபோது, 1997-இல் டிஸ்கோ விரிகுடாவின் ஆழத்தில் வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீர் புகுந்தது தெரிந்தது. பனியாற்று அறிஞர்களுக்கு விடை கொடுத்தது இறால் கணக்கு. பின்னர் 2016 வாக்கில் அந்த நீர் குளிர்ந்தது. பனியாறும் வேகம் குறைந்து, தடித்து, முகமும் சற்று முன்னே வந்தது. காற்று சூடாகவே இருந்தது. கடல் குளிர்ந்தது போதுமானதாயிருந்தது. நீண்டகாலத்தில் கடலும் சூடாகிறது என்பதால் இதில் நிம்மதிகொள்ள எதுவும் இல்லை. யார் கையில் கடிவாளம் இருக்கிறது என்று இது காட்டிவிட்டது, அவ்வளவே.

கழன்ற பனிப்பாறைகள் பிறகு என்ன ஆகின்றன? இலுலிசாட் கடற்கழியின் வாயில் ஆழம் இருநூறு சொச்சம் மீட்டர்தான். பெரியவை அங்கே தரை தட்டி, பின்னால் வருபவற்றையும் மறித்துக்கொண்டு நிற்கும். ஊர்க்காரர்களுக்கு அவை அன்றாடக் காட்சி. ஆனால் அங்குள்ள கடற்கரையில், மணலில் நடக்காதீர்கள், பனிப்பாறை புரண்டால் திடீர் சுனாமி அலை வந்து உயிரைக் கொண்டுபோகும் என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து விடுபட்டவை வடக்கே போய், பாஃபின் விரிகுடாவைச் சுற்றி, லாப்ரடார் நீரோட்டத்தோடு தெற்கே இறங்கி, ஓரிரண்டு ஆண்டில் நியூஃபவுண்ட்லாந்தை எட்டும். டைட்டானிக்கை மூழ்கடித்ததும் மேற்கு கிரீன்லாந்திலிருந்து வந்த ஒன்றாகத்தான் இருக்கும் என்பது பொதுவான கருத்து. அந்த விபத்துக்குப் பிறகு 1914-இல் தொடங்கிய சர்வதேசப் பனிக் கண்காணிப்பு இன்றும் நடக்கிறது. 48 டிகிரி அட்சரேகையைத் தாண்டித் தெற்கே வந்தவற்றின் எண்ணிக்கையைப் பாருங்கள்: 1966-இல் ஒன்றுகூட இல்லை, 1984-இல் 2,200-க்கு மேல்.

நமக்கும் இதில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. நான் முன்பே சொன்ன காங்ஸ்ஃபியோர்டில், 2014 ஜூலையில், இந்தியா நீருக்கடியில் ஓர் ஆய்வு நிலையத்தை நங்கூரமிட்டது. பெயர் இண்டார்க். அதை உருவாக்கியதில் முதன்மைப் பங்கு நம் சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துடையது. சுமார் 190 மீட்டர் ஆழத்தில் அது வெப்பநிலை, உப்பு, நீரோட்டம் என்று குறித்துவருகிறது. அந்த நிறுவனம் அதே கழியில் நீருக்கடி ஒலியையும் பதிவு செய்திருக்கிறது. பனி உடையும்போது எழும் முழக்கம் ஒருபக்கம். உருகும்போது, பனிக்குள் நெடுங்காலம் அழுத்தத்தில் அடைபட்ட காற்றுக் குமிழ்கள் படபடவென்று வெடிக்கும் சத்தம் மறுபக்கம். பனியாறு முடியும் கடற்கழிகள் கடலிலேயே மிக இரைச்சலான இடங்களில் சேர்த்தி.

கடைசியாகக் கடல் மட்டம். ஏற்கெனவே மிதக்கும் பனி உருகினால் கடல் அநேகமாக உயராது; தன் எடைக்குரிய நீரை அது முன்பே விலக்கிவிட்டது. 2017-இல் அண்டார்டிகாவின் லார்சன் சி பனித்தளத்திலிருந்து 5,800 சதுர கிலோமீட்டர் துண்டு கழன்றபோது கடல் பொங்கும் என்று எழுதினார்கள், பொங்கவில்லை. அது முன்பே மிதந்துகொண்டிருந்த பனி. தரையில் தங்கியிருந்த பனி மிதக்கத் தொடங்குகிறதே, அந்தக் கணத்தில்தான் கடல் கணக்கில் வரவு விழுகிறது. 1992 முதல் 2018 வரை கிரீன்லாந்து இழந்தது சுமார் 3.9 லட்சம் கோடி டன். கடல் மட்டத்தில் சுமார் 11 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழப் பாதி, பனியாறுகள் வேகமெடுத்துக் கடலுக்குள் தள்ளியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரீன்லாந்துப் பனி தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்தப் பிடி தளர்கிறது. அதனால் கிரீன்லாந்தின் கரையிலேயே கடல் தாழ்கிறது. தொலைவிலுள்ள வெப்பமண்டலக் கரைகளில், நம் கரை உட்பட, உலகச் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாக உயர்கிறது.

இங்கே வந்திருக்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை 2008 முதல் எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறார்கள். கொலம்பியா பனியாற்றின் கோடைக்காலப் படங்களை 1986-லிருந்து வரிசையாக எடுத்து, ஒவ்வோர் ஆண்டும் முகம் நின்ற இடத்தைக் கோடாக வரையுங்கள். பக்கத்திலேயே ஹப்பர்டுக்கும் அதைச் செய்யுங்கள். இணைய வசதியுள்ள ஒரு கணினியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். வரைந்ததை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், சுவரில் ஒட்டுவோம்.